மாமியின் காலும் கண்ணில் போட்ட ஊசியும்

எனக்குக் கோபம் கூடுதல் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பள்ளிக்கூடத்திலும் உண்டு. நான் கணக்குப் படிப்பிக்கிறவன். கேள்வி என்று ஒன்று இருந்தால் விடை என்று ஒன்று வர வேண்டும், வராவிட்டால் வழியில் எங்கேயோ பிழை விட்டிருக்கிறோம் என்று நம்பி வளர்ந்தவன். அப்படிப்பட்ட ஒருவனிடம் மாமியின், என்றால் மனைவியின் தாயின், கண்ணையும் காலையும் ஒப்படைத்து இரண்டு டொக்டர்மாருக்கு நடுவில் அலைய விட்டால் கோபம் வராமல் என்ன வரும்?

கண் கிளினிக்கில் ஊசி போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சில கேள்விகள் கேட்பார்கள். அண்மையில் மாரடைப்பு வந்ததா, பாரிசவாதம் வந்து கைகால் இழுத்ததா, உடம்பில் எங்காவது ஆறாத புண் இருக்கிறதா. மாமி முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி கதிரையில் இருப்பார். நான் பின்னால் நின்று பதில் சொல்லுவேன். இல்லை, இல்லை, இல்லை. நான் சொன்ன அந்த மூன்றாவது ‘இல்லை’ ஒரு நாள் பொய்யாகிவிட்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. மாமிக்குத் தெரியும். டொக்டர் கேட்டதும் அவருக்குக் கேட்டது, நான் சொன்னதும் கேட்டது. வாய் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது அட்டாளைச்சேனை. கலியாணம் முடித்துச் சாய்ந்தமருதுக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு மகளுக்கு. அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்த தாய் பின்னால் ஓர் அறையில் ஒதுங்கிக்கொள்வார். மாமா மவுத்தான பிறகு மாமி அந்த அறையில் தனியாக இருந்தார். நானும் அவரும் ஒரே கூரைக்குக் கீழ் இத்தனை காலம் இருந்தோம், ஆனால் நேருக்கு நேர் கதைத்தது கிடையாது. மருமகனுக்கு முன் மாமி முக்காட்டோடு நிற்பார், கதவு மறைவில் நிற்பார், சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லுவார். சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டதா என்று நான் சாப்பிடும்போது பின்னறையிலிருந்து மகளைக் கேட்பார். கூடவில்லை என்று நான் மனைவியிடம் சொல்லுவேன். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சுவர்கூடக் கிடையாது, ஒரு துணித் திரைதான். என்றாலும் என் மனைவி அந்தப் பதிலைத் திரைக்கு அப்பால் கொண்டுபோய்ச் சொல்லியே ஆக வேண்டும்.

மார்க்கத்தைக் கேட்டால் மருமகன் மஹ்ரம். மாமி அவனுக்கு முன் இப்படி மூடிக்கொள்ளத் தேவையே இல்லை. இதைப் பள்ளிவாசல் மௌலவி வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார். ஆனால் மார்க்கம் விட்டதை ஊர் விடாது. மாமிக்கு ஊர்தான் பெரிது.

கண்ணைப் பற்றிச் சொல்கிறேன். மாமிக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். வலது கண்ணை அது முதலிலேயே கொண்டுபோய்விட்டது. நாங்கள் உணர்ந்து ஓடும்போது அந்தக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்து எல்லாம் முடிந்திருந்தது. மிஞ்சியது இடது கண். அதிலும் நடுப்பகுதியில் நீர் கோத்துக்கொண்டு வந்தது. அதற்குத்தான் ஊசி. மாதத்துக்கு ஒன்று. கண்ணை மரக்கச் செய்து, இமையை விரித்துப் பிடித்து, வெள்ளை முழியின் ஓரத்தால் குத்துவார்கள். நான் வெளியே போய் நிற்பேன். மாமி ஒரு சத்தம் போட்டதில்லை என்று அங்கே உள்ள நேர்ஸ் சொன்னார்.

கிளினிக் வடக்கே, பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். என் மனைவிக்குப் பஸ் ஏறினால் சத்தி வரும். கல்முனை தாண்டுவதற்குள் ஒரு பை நிறைந்துவிடும். அதனால் கூட்டிக்கொண்டு போகிற வேலை என் தலையில் விழுந்தது. மாமி முன்சீட்டில் யன்னல் ஓரம், நான் அவருக்கு இரண்டு சீட் பின்னால். இறங்கும் இடம் வந்தால் நான் எழும்பி நிற்பேன், அவர் பாதி திரும்பிப் பார்த்து எழும்புவார். அந்தப் பயணங்கள் எல்லாவற்றிலும் நான் கண்டது அவருடைய முக்காட்டின் பின்பக்கத்தைத்தான். காலில் எப்போதும் காலுறை. வெயில் கொளுத்தும்போதும் காலுறை. அதுவும் மருமகனுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். மாமியின் பாதம் மருமகன் கண்ணில் படக்கூடாதாம்.

ஊசி வேலை செய்தது, அதில் பொய் சொல்லக் கூடாது. சில மாதங்களில் மாமிக்குக் கண் தெளிந்தது. தெளிந்ததும் அவர் முதலில் கண்டுபிடித்தது கிணற்றடிக்குப் பின்னால் நான் ஒளித்துக் குடிக்கிற சிகரெட்டை. மகள் வழியாக எனக்குச் செய்தி வந்தது, மருமகன் புகையை விட்டால் நல்லம் என்று. எனக்கு எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்தக் கண்ணுக்காக லீவு போட்டுப் பஸ்ஸில் அலைந்தவன் நான்.

கண் தெளிந்ததால் வந்த மற்ற வேலைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். மாமிக்குக் கொஞ்சம் வயல் உண்டு. குத்தகை நெல் வரும்போது வீட்டுத் தேவைக்கு எடுத்ததைப் புழுக்கி முன்வளவுச் சீமெந்துத் தரையில் காயப்போடுவோம். நெல்லைக் கையால் கிளறுவதில்லை. வெறுங்காலைத் தரையோடு இழுத்து இழுத்து வரிவரியாக நடப்பார்கள். அடியில் இருக்கிற ஈர நெல் மேலே வரும். கண் மங்கியிருந்த காலம் முழுவதும் மாமி இந்த வேலைக்கு வரவில்லை. தரை எங்கே முடிகிறது என்று தெரியாது அவருக்கு. ஊசியால் கண் தெளிந்ததும் முதல் வேலையாகக் காலுறையைக் கழற்றி வைத்துவிட்டு நெல்லுக்குள் இறங்கியிருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம் பார்த்து, லுஹர் என்கிற மத்தியானத் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, தரை பொரிகிற வெயிலில். சீனி வருத்தம் பாதத்தின் உணர்ச்சியையும் தின்றிருந்தது. சுட்டது அவருக்குத் தெரியவில்லை. பெருவிரலுக்குக் கீழே பாதம் கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, அது புண்ணானது.

அந்தப் புண்ணை மாமி மறைத்தார். என்னிடமிருந்து மறைக்க வேண்டுமென்றால் மகளிடமிருந்தும் மறைக்க வேண்டும், ஏனென்றால் மகள் என்னிடம் சொல்லாமல் இருக்க மாட்டாள். பக்கத்து வீட்டு ராத்தாவைக் கூட்டிக்கொண்டு, வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அங்கே என்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்று கேட்டதற்குச் சீனிக் குளிசையைச் சொல்லியிருக்கிறார். வயிற்றில் போடும் இன்சுலினைச் சொல்லியிருக்கிறார். கண்ணில் போடும் ஊசியைச் சொல்லவில்லை. அது கண்ணுக்கு, இது காலுக்கு என்பது அவர் எண்ணம். அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது, நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

புண் ஆறவில்லை. ஆறுகிற மாதிரி ஓரம் சுருங்கும், பிறகு அப்படியே நிற்கும். ஐந்து நேரத் தொழுகைக்கு முன்னும் வுழூ எடுக்கக் கட்டை அவிழ்த்துக் காலைக் கழுவுவார். துடைத்தும் துடையாமலும் காலுறையை இழுத்துப் போடுவார். ஈரக் காலுறைக்குள் புண்.

என் மனைவி கண்டுபிடித்தது காலுறையால்தான். கொடியில் காயும் மாமியின் உடுப்புகளில் எப்போதும் ஒற்றைக் காலுறை மட்டும் தொங்குவதை அவள் கொஞ்ச நாளாகக் கவனித்திருக்கிறாள். மற்றதை, புண் இருந்த இடது காலின் காலுறையை, மாமி தானே கழுவி அறைக்குள் காயப் போட்டிருக்கிறார். ஒரு நாள் தாய் தொழுதுகொண்டிருக்கும்போது அறைக்குள் போய்த் தேடி எடுத்திருக்கிறாள். நான் பள்ளிக்கூடத்தால் வந்து போட்டிருந்த சேர்ட்டைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் மஞ்சளும் சிவப்புமாகக் கறை பிடித்த அந்தக் காலுறையோடு வந்து நின்றாள்.

“உம்மாட கால்ல புண். கனகாலமாம். உங்களுக்குத் தெரியக்கூடாதாம்.”

நான் கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்துவது? மாமியோடு கதைக்கவே முடியாது, கத்துவது எப்படி? மனைவியைப் பார்த்துத்தான் கத்தினேன், திரைக்கு அப்பால் கேட்கட்டும் என்று. சீனிக்காரிக்குக் காலில் புண் என்றால் என்ன என்று தெரியுமா, விரலைக் கழற்றுவார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலோடு. என் மனைவி நான் சொன்னதைக் கொண்டுபோய் மெதுவாகத் திரும்பச் சொன்னாள், மாமிக்கு என் சத்தம் கேட்கவே கேட்காதது போல. அதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

அடுத்த நாளே கால் டொக்டரிடம் கூட்டிப்போனோம். இந்த முறை மனைவியும் வந்தாள், ஓட்டோவில், எலுமிச்சங்காயை மூக்கில் வைத்துக்கொண்டு. கால் டொக்டர் ஒரு பெண். நல்லவர், அவசரக்காரர். நான் வெளியே நிற்க வேண்டியதாயிற்று, மாமி காலைக் காட்ட வேண்டுமே. கதவு இடைவெளியால் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். சீனி கூடியிருக்கிறது, இரத்த ஓட்டம் குறைவு, இந்தப் பாதத்தில் பாரம் வைக்கக் கூடாது, நனைக்கவே கூடாது என்றார். பிறகு, இத்தனை காலம் மருந்து கட்டியும் ஏன் இப்படி நிற்கிறது என்று தனக்குத் தானே கேட்டது போல, புண் ஆறுவதைத் தடுக்கிற மருந்து ஏதும் பாவிக்கிறாரா என்று கேட்டார். மனைவி இல்லை என்றாள். எனக்கு என்ன தோன்றியதோ, கதவுக்கு வெளியே நின்றபடி கண்ணுக்கு ஊசி போடுகிறோம் என்று சொன்னேன்.

உள்ளே டொக்டரின் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. எந்த ஊசி என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கண்ணுக்குள் புது இரத்தக் குழாய் முளைக்காமலும் உள்ளது கசியாமலும் இருக்கப் போடுவது. அவர் வெளியே வந்து எனக்கு விளக்கினார். புண் ஆற வேண்டுமென்றால் அந்த இடத்தில் புதிதாக நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைக்க வேண்டும். முளை என்று உடம்பு விடுகிற கட்டளையை மறிப்பதுதான் கண்ணில் போடுகிற மருந்தின் வேலை. போடுவது துளியளவு. ஆனால் அதில் கொஞ்சம் கண்ணைவிட்டு இரத்தத்தில் கலந்து சில நாள், சில வாரம் சுற்றலாம். காலில் உள்ள புண்ணையும் அது மெதுவாக்குமா என்றால் மெதுவாக்கலாம் என்று ஒரு சந்தேகம் இருக்கிறது, நிச்சயம் இல்லை. கண் டொக்டரைக் கேளுங்கள் என்றார்.

கண் டொக்டரைக் கேட்கப் போனேன். ஒருவர் நோயாளியைக் கூட்டி வராமல் கேள்வியை மட்டும் கொண்டு வந்திருக்கிறார் என்று அங்கே முகம் சுளித்தார்கள். பொறுத்திருந்து கேட்டேன். கண் டொக்டர் நிதானமானவர். முதலில், புண் இல்லை என்று சொன்னீர்களே என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் அல்லவா என்றார். ஓம் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை, அவர் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. விளங்கப்படுத்த எனக்கும் தெம்பு இருக்கவில்லை.

கால் டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அது சரி என்றார். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் நடப்பதில்லை, சீனியும் இரத்த ஓட்டமும்தான் முதற்காரணம், ஈரமும் ஒரு காரணம் என்றார். அப்படியென்றால் ஊசி காரணம் இல்லையா என்று கேட்டேன்.

“அதாலதான் எண்டும் சொல்லேலாது, அதால இல்லை எண்டும் சொல்லேலாது,” என்றார்.

ஒரு கணக்கு வாத்திக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. நான் ஊசியை நிறுத்துவோமா என்று கேட்டேன். நிறுத்தினால் கண்ணில் மறுபடி நீர் கோக்கும், போகிற பார்வை முழுவதும் திரும்பி வருமென்று உத்தரவாதம் இல்லை, இருப்பது ஒரு கண் என்றார். தொடர்ந்தால் கால் என்னாகும் என்று கேட்டேன். அதைக் கால் டொக்டரைக் கேளுங்கள் என்றார். வேறு வகை மருந்தும் உண்டு, லேசரும் உண்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கரைச்சல் உண்டு என்றும் சொன்னார்.

இப்படி நான் போனேன், வந்தேன். கால் டொக்டர் கண்ணைப் பற்றிக் கதைக்க மாட்டார். கண் டொக்டர் காலைப் பற்றிக் கதைக்க மாட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லவில்லை, மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது நான். பஸ்ஸில் வரும்போது ஒரு நாள் நினைத்துப் பார்த்தேன். அவர்களும் மாமியும் மருமகனும் போலத்தான். நடுவில் என் மனைவி செய்கிற வேலையை நான் செய்கிறேன். அவள் இத்தனை காலம் எப்படிப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தாள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

போனில் தேடிப் பார்த்தேன். ஒன்று பயப்படு என்றது, மற்றது பயப்படாதே என்றது, இன்னொன்று உங்கள் வைத்தியரைக் கேளுங்கள் என்றது. அதைப் படித்ததும் போனைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. ஊரில் கேட்டால் சிரிக்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் ஒருத்தர், கண்ணில் போட்டது காலுக்கு எப்படி இறங்கும், பைப் லைன் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் அவர். உறவுக்காரர்கள் தேன் கொண்டு வந்தார்கள், வேப்பம்பட்டை கொண்டு வந்தார்கள், ஒருத்தி தனக்குத் தெரிந்தவரின் புண் கடல் தண்ணீரில் நின்று ஆறியது என்று சொல்லி மாமியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகவே பார்த்தாள். நல்ல காலம் என் மனைவி வாசலில் நின்றாள்.

மௌலவியை வீட்டுக்கு அழைத்து வந்தது நான். கட்டின்மேல் ஈரக் கையால் தடவி, தண்ணீருக்குப் பதிலாக மண்ணைத் தொட்டுச் செய்கிற தயம்மும் செய்தால் தொழுகை கூடும், காலை நனைக்க வேண்டாம் என்று திரைக்கு இப்பால் நின்று அவர் தெளிவாகச் சொன்னார். மாமி திரைக்கு அப்பால் நின்று கேட்டார். பிறகு மகளிடம், மௌலவி சின்னப் பொடியன், அவருக்கு அவ்வளவு தெரியாது என்றாராம். இருந்தாலும் நனைப்பதை நிறுத்தினார், அது அல்லாஹ்வின் உதவி.

அடுத்த ஊசிக்கு நாள் கிட்டியது. கால் டொக்டர் புண்ணின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருக்கிறது என்றார். உள்ளே இறங்கி எலும்பைத் தொட்டால் பெருவிரலை எடுக்க வேண்டி வரும், கிருமி இரத்தத்தில் ஏறினால் விரலோடு நிற்காது என்றார். கண் டொக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் யோசித்துவிட்டு, அப்படியென்றால் ஊசியைக் கொஞ்ச காலம் பின்போடுவோம், ஆனால் கண் மங்கலாம், அதை நோயாளிக்குச் சொல்லி அவருடைய சம்மதத்தைக் கேட்டு வாருங்கள் என்றார். நோயாளிக்குச் சொல்லி. எவ்வளவு இலகுவான வேலை.

நான் மனைவியிடம் சொன்னேன், நீ கேள் என்று. அவள் அழத் தொடங்கினாள். கண் போகலாம் என்று என் வாயால் எப்படிச் சொல்லுவேன், நீங்களே கேளுங்கள் என்றாள். இத்தனை கால வாழ்க்கையில் அவள் எங்களுக்கு நடுவில் செய்தி கொண்டுபோக மறுத்தது அது ஒரு முறைதான். எனக்கு அவளிலும் கோபம் வந்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் பின்னறை வாசலில் போய் நின்றேன். திரையை விலக்கவில்லை. மாமி என்று கூப்பிட்டேன். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, முக்காட்டை இழுத்துச் சரிசெய்கிற சத்தம் கேட்டது. கண்ணுக்கும் காலுக்கும் உள்ள விசயத்தை டொக்டர்மார் சொன்னபடி ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஊசியைப் பின்போட வேண்டி வரும் என்றேன். அதோடு எனக்குள் கிடந்ததும் வெளியே வந்துவிட்டது.

“மாமி, அண்டைக்கு டொக்டர் புண் இரிக்கா எண்டு கேட்டாரு. நான் இல்ல எண்டு சொன்னன். உங்களுக்கு அது கேக்கல்லியா?”

“கேட்டிச்சி மருமகன்.”

அவருடைய குரலை எனக்கென்று கேட்டது அதுதான் முதல் தடவை. நான் நினைத்ததைவிட உறுதியான குரல்.

“வெக்கத்தில பேசாம இரிந்தீங்களா?”

“இல்ல. முதல்ல உங்களுக்குத் தெரியப்படா எண்டுதான் மறைச்சன். பொறவு கிளினிக்கில பக்கத்தில இரிந்த பொம்புள சொன்னா, புண் எண்டு சொன்னா ஊசி போட மாட்டாங்களாம் எண்டு. நீங்க இல்ல எண்டு சொன்னீங்க. நல்லம் எண்டு நான் பேசாம இரிந்தன்.”

ஊரின் வழக்கத்துக்குள் மாட்டிக்கொண்ட பாவம் என்று நான் அவரை நினைத்திருந்தேன். அவர் அந்த வழக்கத்தையே மறைப்பாக வைத்துத் தனக்கு வேண்டியதை எடுத்திருக்கிறார். என்னுடைய ‘இல்லை’யை வைத்து. காலைவிடக் கண் பெரிதா உங்களுக்கு என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

அவர் பதில் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது.

“கால் போனா மகள் புடிச்சித் தூக்குவா மருமகன். கண்ணும் போனா நீங்க வாற போற எனக்குத் தெரியாது. தல தொறந்து கிடப்பன், நீங்க முன்னுக்கு வந்து நிப்பீங்க. எனக்குத் தெரியாமலே நிப்பீங்க.”

நான் திரைக்கு முன் அப்படியே நின்றேன். கோபம் போகவில்லை, ஆனால் அதை வைக்க இடம் தெரியவில்லை. கடைசியில் நான் சொன்னது, உயிர் இருந்தால்தானே முக்காடு, மாமி என்பதுதான். அவர் சரி என்று சொல்லவில்லை. மகள் சொல்லுறபடி செய்ங்க என்றார். மகள் காலைச் சொன்னாள். நானும் காலைத்தான் சொன்னேன். அவர் கேட்ட கண்ணை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பின்போட்டோம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஊசி நின்றது. காலை நனைக்காமல் வைத்தோம். பாரம் படாத செருப்பு ஒன்று செய்வித்தோம். இன்சுலினைக் கூட்டினார்கள். நெல் காயப் போடுவதையே விட்டுவிட்டு அரிசியைக் கடையில் வாங்கினோம். அடுத்த கிழமை, அதற்கடுத்த கிழமை என்று புண்ணின் அடியில் சிவப்பாகச் சதை வளரத் தொடங்கியது. பெருவிரல் தப்பியது. கால் டொக்டருக்குச் சந்தோசம். எதனால் ஆறியது என்று அவரிடம் கேட்டேன். ஊசி நின்றதாலா, நனைக்காததாலா, செருப்பாலா, இன்சுலினாலா? எல்லாவற்றாலும் இருக்கலாம் என்றார். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று எந்தக் கணக்காலும் பிரித்தெடுக்க முடியாது. இதை நான் பிள்ளைகளுக்கே படிப்பிக்கிறேன். அப்படியென்றால் கண்ணைப் பின்போட்டது தேவையாக இருந்ததா, இல்லையா? இன்றைக்கும் எனக்குப் பதில் கிடையாது. யாரிடமும் கிடையாது.

கண் மங்கியது. மாமி அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது சிகரெட்டால்தான். கிணற்றடியில் நான் ஒளிக்காமல் நின்று குடித்தும் ஒரு செய்தியும் வரவில்லை. அதற்குப் பிறகு எனக்குச் சிகரெட் இறங்கவில்லை, விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய், குறைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் வரும்போது வாசலிலேயே செருமிவிட்டு வரப் பழகினேன். நான் செருமுவேன், உள்ளே முக்காடு இழுபடும் சத்தம் கேட்கும், அதற்குப் பிறகுதான் காலை உள்ளே வைப்பேன்.

புண் முழுதாக மூடியபின் ஊசியை மறுபடி தொடங்கப் போனோம். அதே பஸ், அதே முன்சீட்டு. இந்த முறை நான் எழும்பி நின்றதை மாமி காணவில்லை. அவருக்குக் கிட்டப் போய், இறங்கும் இடம் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. கிளினிக்கில் டொக்டர் அதே கேள்விகளைக் கேட்டார். மாரடைப்பு, பாரிசவாதம், ஆறாத புண். நான் பதில் சொல்லவில்லை. அவவையே கேளுங்க டொக்டர் என்றேன்.

மாமி குனிந்து இடது காலுறையைக் கழற்றினார். தானாகவே கழற்றினார். பாதத்தை டொக்டர் பக்கம் நீட்டினார்.

“ஆறிட்டு. மருமகனும் ஒருக்காப் பாக்கட்டும், சொல்லுங்க டொக்டர்.”

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் பார்த்தேன். மெலிந்த வெளிறிய பாதம், பெருவிரலுக்குக் கீழே கறுத்த தழும்பு. காலைக் காட்டிவிட்ட மாமி, வழக்கப்படி, மருமகன் நிற்கிறான் என்று நினைத்த பக்கத்துக்கு முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் சுவர்தான் இருந்தது. நான் மற்றப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.